எட்டுக் கணினி, அறுபது கதிரை: கல்லூரி நூலகம் எங்கிருந்து தொடங்கலாம்

கேள்வி இது: "மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் உள்ள ஒரு கல்லூரியில் நூலகப் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். மாணவர்கள் 600 பேர். நூலகத்தில் 60 கதிரை, 8 கணினி. அதில் 5தான் ஓடுகிறது. வாரத்தில் 2 நாள் வகுப்பு இணையத்தில் நடக்கிறது. நூலகத்துக்குள் இருந்து போனில் கதைக்கிறார்கள் என்று முறைப்பாடு வந்துகொண்டே இருக்கிறது. கொஞ்சக் காசு ஒதுக்கி, 'இ-நூலகம்' ஆக்கச் சொல்லியிருக்கிறார்கள். புதுக் கணினி வாங்குவதா, ஏசி போடுவதா, மேசைகளை மாற்றுவதா?"

கணினியிலிருந்து தொடங்காதீர்கள். இதைச் சொல்லிவிட்டே மற்றதுக்குப் போகிறேன். 'இ-நூலகம்' என்ற சொல் வந்ததும் எல்லோரும் கணினிப் பட்டியலைத்தான் முதலில் எழுதுகிறார்கள். 10 கணினி வரும், திறப்பு விழா நடக்கும், சில வருடத்தில் பாதி பழுதாகிவிடும், திருத்தக் காசு இருக்காது. உங்கள் 8இல் 3 ஓடாமல் கிடப்பதும் அந்தக் கதையாகத்தான் இருக்கும். உங்கள் மாணவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் கையில் போன் இருக்கிறது, சிலரிடம் லேப்டொப்பும் இருக்கும். அவர்களிடம் இல்லாதவை வேறு. ஆறுதலாக இருந்து படிக்க ஓர் இடம், சார்ஜ் ஏற்ற ஒரு பிளக், தங்கள் காசு கரையாத இணையம், வாய் திறந்து பேசக்கூடிய ஒரு மூலை, விளங்காததைக் கேட்க ஓர் ஆள். இந்த ஐந்தையும் கொடுக்கிற நூலகம்தான் இணையவழிக் கல்விக்கு உதவுகிறது என்பது என் முடிவு. காசையும் அந்த வரிசையில்தான் செலவழிக்க வேண்டும்.

நான் கிழக்கில் கல்லூரி நூலகங்களில் நீண்ட காலம் வேலை செய்தவன். 2020இல் வகுப்புகள் ஒரேயடியாக இணையத்துக்குப் போனபோது, நூலகத்தைப் பூட்டிவிட்டு நாங்களும் வீட்டில் இருந்தோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்து மாணவி ஒருவர் ஏதோ ஒரு புத்தகம் பற்றிக் கேட்க அழைத்தார். காற்றுச் சத்தமாக இருந்தது. "வீட்டில சிக்னல் இல்ல சேர், குளக்கட்டில வந்து இருந்துதான் வகுப்புக் கேட்கிறன்" என்றார். அவரிடம் போன் இருந்தது, டேட்டாவும் இருந்தது. இருந்து கேட்க ஒரு கூரை இருக்கவில்லை. அந்தக் காலத்தில் பல்கலைக்கழகங்களுக்கு லேர்ன் கல்வி வலையமைப்பு வழியாக ஸூம் கொடுத்தார்கள், தொலைபேசி நிறுவனங்கள் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்கு டேட்டாக் கட்டணம் எடுக்காமல் விட்டன. உண்மையிலேயே பெரிய உதவி அது. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் வராத கல்லூரிகளில் படித்த பிள்ளைகள் சொந்தக் காசில் ரீலோட் போட்டுத்தான் படித்தார்கள். குளக்கட்டில் இருந்த அந்தப் பிள்ளை மனதில் நின்றுவிட்டதால், நூலகம் என்றதும் இப்போது எனக்கு முதலில் வருவது கூரையும் கதிரையும்தான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? காசைத் தொடாமல் ஒரு வாரம் எண்ணுங்கள். உங்கள் மண்டபத்தின் வரைபடத்தை ஒரு தாளில் கீறி, மேசை, யன்னல், ஃபேன், பிளக் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அதில் 10 கொப்பி எடுத்து, ஒவ்வொரு மணித்தியாலமும் யார் எங்கே இருக்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது என்று புள்ளி வையுங்கள். புத்தகம் ஒரு நிறம், போன் ஒரு நிறம், லேப்டொப் ஒரு நிறம். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது கண்டது இது: பிளக் பக்கத்தில் இருந்த கதிரைகள் காலை 8 மணிக்கே நிரம்பிவிட்டன, 8 பேர் இருக்கக்கூடிய பெரிய மேசைகளில் ஒவ்வொருவர்தான் இருந்தார்கள். ஒருவர் பையை விரித்து வைத்தால் அடுத்தவர் அங்கே இருக்கத் தயங்குகிறார். ஒரு பெண் பிள்ளை இருந்தால் ஆண் பிள்ளைகள் அந்த மேசைக்குப் போவதே இல்லை. மற்றப் பக்கமும் அப்படித்தான். கணக்கில் 60 கதிரை இருந்தாலும் உண்மையில் 25 பேருக்கு மேல் இருக்க முடியாத மண்டபங்கள் இருக்கின்றன. புதுக் கதிரை ஒன்றும் வாங்காமல் மேசையைப் பிரித்தாலே இடம் பெருகும்.

ஆகவே மேசை. இரண்டு பேர் இருக்கக்கூடிய, இரண்டு பேர் தூக்கி வைக்கக்கூடிய பாரம் குறைந்த மேசைகளைச் செய்யுங்கள். படங்களில் வருகிற சில்லு வைத்த மேசையில் ஆசைப்பட வேண்டாம். நம் சீமெந்துத் தரையில் அந்தச் சில்லுகள் அதிக காலம் நிற்காது. காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ தளபாடம் செய்பவரிடம் அளவு கொடுத்தால் போதும். தனியாகப் படிக்கும் நேரத்தில் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கலாம், குழு வேலைக்கு மூன்றைச் சேர்த்துப் போடலாம், பயிற்சி வகுப்புக்கு வரிசையாக்கலாம். நெகிழ்வான படிப்பிடம் என்று பெரிதாகச் சொல்வதெல்லாம், மாணவர்களே கேட்காமல் நகர்த்தக்கூடிய மேசைதான். அனுமதி கேட்டு நகர்த்த வேண்டும் என்றால் யாரும் நகர்த்த மாட்டார்கள். மாலையில் பழைய இடத்தில் வைக்கச் சொல்லி ஒரு தாள் ஒட்டிவிடுங்கள், பிள்ளைகள் வைப்பார்கள். கதிரையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பிளாஸ்டிக் கதிரையில் ஒரு மணித்தியாலம் இருக்கலாம்; 3 மணித்தியாலம் தொடர்ந்து வகுப்புக் கேட்கிற பிள்ளைக்கு முதுகு பிடித்துவிடும்.

அடுத்தது மின்சாரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல நூலகங்கள் தடுமாறுகிற இடம் இதுதான். லேப்டொப் சார்ஜர் ஒன்று சாதாரணமாக எடுப்பது 65 வாட். ஒரு சிறிய அறைக்குப் போடுகிற ஏசி ஓடும்போது ஏறக்குறைய 1000 வாட் எடுக்கும். அப்படியென்றால் ஓர் ஏசிக்குப் போகிற மின்சாரத்தில் 15 லேப்டொப்புகளுக்குச் சார்ஜ் ஏற்றலாம். போன் என்றால் இன்னும் பல மடங்கு. 'பிள்ளைகள் சும்மா சார்ஜ் ஏற்ற வருகிறார்கள், பில் கூடுகிறது' என்று நிர்வாகம் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். சார்ஜ் ஏற்ற வருகிறவர் வரட்டும். வந்து இருந்தவர் அந்த ஒரு மணித்தியாலத்தில் ஏதாவது ஒன்றை எடுத்துப் படிக்கிறார், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பிளக் இல்லாத இடத்தில் ஒரு எக்ஸ்டென்ஷன், அதன் நுனியில் இன்னொன்று, அதன் நுனியில் இன்னொன்று என்று இழுத்து விடாதீர்கள். அது தீப்பிடிக்கிற வேலை. தகுதியுள்ள மின் வேலைக்காரரைக் கொண்டு படிப்பு மேசைகளுக்கென்று தனி வயரும் தனி ட்ரிப் சுவிட்சும் போடுவியுங்கள். நம் நாட்டில் வட்டப் பின்னும் சதுரப் பின்னும் கலந்து கிடப்பதால், புதிதாகப் போடுவது எல்லாம் 13 அம்பியர் சதுரப் பின்னாக இருக்கட்டும். வட்டப் பின் சார்ஜர் கொண்டுவருகிறவர்களுக்கு அடாப்டர் பத்தைக் கவுண்டரில் வைத்து, புத்தகம் போலவே பெயர் எழுதிக் கொடுங்கள். பிளக்கை மேசை உயரத்தில் வையுங்கள். கீழே வைத்தால் மாரியில் வெள்ளம் ஏறும்போது முதலில் போவது அதுதான். கடல் பக்கமாக உங்கள் கல்லூரி இருந்தால் உப்புக்காற்றுக்கு மலிவான பிளக்கின் செப்புத்தகடு கெதியாகப் பச்சை பிடித்துவிடும். அதில் நல்லதை வாங்குங்கள்.

மின்வெட்டையும் கணக்கில் எடுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அளவு திரும்ப வராவிட்டாலும், மழைக்காலத்தில் மரம் விழுந்து அரை நாள் போவது இங்கே வழமை. முழு நூலகத்துக்கும் ஜெனரேட்டர் தேவையில்லை. வைஃபை ரவுட்டர் எடுப்பது 10 வாட் அளவுதான். அதற்கென்று விற்கிற சின்ன யூபிஎஸ் ஒன்றை மாட்டினால் கரண்ட் போனாலும் சில மணித்தியாலம் இணையம் நிற்காது. போனிலும் லேப்டொப்பிலும் பற்றரி இருக்கும், வகுப்பு அறுந்து போகாது. இது மிகக் குறைந்த செலவில் கிடைக்கிற பெரிய வசதி. காசு மிஞ்சினால் கூரையில் சூரியத் தகடு போடுவது பற்றி நிர்வாகத்திடம் பேசுங்கள், கிழக்கில் வெயிலுக்குக் குறைவில்லை.

ஏசி பற்றிக் கேட்டீர்கள். முழு மண்டபத்துக்கும் வேண்டாம் என்பேன். கச்சான் காற்று அடிக்கிற வைகாசி முதல் ஆவணி வரை மேற்குப் பக்க யன்னலால் அனல்தான் வரும். அந்தப் பக்கத்துக்கு வெளியே தட்டியோ நிழல் மரமோ, உள்ளே தடித்த திரையோ போட்டு, கிழக்கு யன்னல்களைத் திறந்து விட்டால் மண்டபம் எவ்வளவோ தணியும். அப்புறம் போதிய ஃபேன். ஏசியை ஒரே ஓர் அறைக்கு வையுங்கள். எந்த அறை என்று அடுத்துச் சொல்கிறேன்.

உங்களுக்கு வருகிற முறைப்பாடு, அதாவது போனில் கதைக்கிறார்கள் என்பது, இந்தக் கேள்வியின் நடுப்பகுதி என்று நினைக்கிறேன். நூலகம் என்றால் அமைதி என்று நாம் படித்து வந்தோம். இணைய வகுப்பில் விரிவுரையாளர் பெயர் சொல்லிக் கேட்டால் மாணவர் மைக்கைத் திறந்து பதில் சொல்லியாக வேண்டும். 'சத்தம் போடாதே' என்று ஒரு பக்கமும், 'வகுப்பில் பங்குபற்று' என்று மறுபக்கமும் ஒரே பிள்ளையிடம் சொன்னால் அந்தப் பிள்ளை எங்கே போவது? படிக்கட்டில் இருந்து கதைக்கிறது, இல்லாவிட்டால் மைக்கைத் திறக்காமலே விட்டுவிடுகிறது. இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. ஒருவரும் முறைப்பாடு செய்யாததால் நமக்குத் தெரியவருவதில்லை.

எனவே இடத்தை மூன்றாகப் பிரியுங்கள். உள்பக்கம், வாசலுக்குத் தூரமான பகுதி முழு அமைதி. அங்கே போன் சத்தம் கூடாது, இதில் இரக்கம் காட்ட வேண்டாம். நடுப்பகுதியில் மெதுவாகக் கதைக்கலாம், ஹெட்போன் போட்டு வகுப்புக் கேட்கலாம். மூன்றாவது, பேசுவதற்கான இடம். உங்களிடம் பழைய பத்திரிகை கட்டி வைத்த அறையோ, உடைந்த தளபாடம் போட்ட களஞ்சியமோ நிச்சயம் இருக்கும். அதைக் காலியாக்கி, பலகையால் 4 சிறு அறைகளாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு பிளக், முகத்தில் விழுகிற மாதிரி ஒரு லைட் வையுங்கள். கதவு மூடி இருக்கிற இடம் என்பதால் ஏசி இங்கேதான் வர வேண்டும். கதவின் மேல்பாதி கண்ணாடியாக இருக்கட்டும். உள்ளே யார் இருக்கிறார் என்று தெரிவது பெற்றோருக்கும் நிர்வாகத்துக்கும் நிம்மதி, பெண் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. ஒருவருக்கு ஒரு மணித்தியாலம் என்று பெயர் எழுதிக் கொடுங்கள். வாய்மொழிப் பரீட்சை, வேலைக்கான நேர்முகம் எல்லாம் இப்போது இணையத்தில் நடக்கிறது. அதற்கு வருகிறவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

வெளி விறாந்தையையும் மறக்க வேண்டாம். ரவுட்டரை விறாந்தைப் பக்கச் சுவரில் மாட்டினால் வேப்பமரத்தடி வாங்கு வரைக்கும் இணையம் போகும். நூலகம் பூட்டிய பிறகும் அந்த மரத்தடி ஒரு படிப்பிடம்தான்.

நேரத்தைப் பற்றி என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. மற்ற நாடுகளைப் பார்த்து 'இரவு 10 மணி வரை திறக்க வேண்டும்' என்று சொல்வார்கள். விடுதி மாணவர்களுக்கு அது சரி. வெல்லாவெளியிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் பஸ்ஸில் வந்து போகிற பிள்ளைக்கு, அதிலும் பெண் பிள்ளைக்கு, மாலை 5 மணிக்குப் பிறகு திறந்த நூலகத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. கடைசி பஸ்ஸும் வீட்டாரின் பயமும் விடாது. ஆனால் முதல் பஸ்ஸில் 7 மணிக்கே வந்து இறங்கி, வகுப்புத் தொடங்கும் வரை வாசலில் நிற்பார்கள். காலை ஆறரைக்குத் திறந்து பாருங்கள். இரவு ஒரு மணித்தியாலம் கூட்டுவதைவிட காலையில் கூட்டுவதில் வருகிறவர்கள் அதிகம் என்பது என் அனுபவம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரமும், நோன்பு காலத்து நேர மாற்றமும் எழுதி ஒட்டியிருக்கட்டும். கல்முனைக்கும் காத்தான்குடிக்கும் இடையில் இருக்கிற கல்லூரியில் இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் அறிவித்தல் பலகையில் இல்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி இணையத்துக்கு உள்ளே என்ன வைப்பது என்பது. உங்கள் கல்லூரி மூடில் பாவிக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். 2002இலிருந்து இலவசமாகக் கிடைக்கிற கற்றல் தளம் என்பதால் நம் நிறுவனங்களில் பெரும்பாலும் அதுதான். நூலகத்துக்கென்று தனி இணையத்தளம் கட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு பாடத்தின் மூடில் பக்கத்திலும் உங்களுக்கு ஓர் இடம் கேளுங்கள். மாணவர் போகிற இடம் அது. அந்தப் பாடத்துக்கு உங்களிடம் உள்ள புத்தகங்களின் பட்டியல், இலவசக் கட்டுரைகளின் இணைப்பு, கடந்தகால வினாத்தாள், உங்கள் வட்ஸ்அப் இலக்கம். விரிவுரையாளர்கள் தாமாகக் கேட்க மாட்டார்கள். நீங்கள் போய் ஒருவரிடம் செய்து காட்டினால், தவணை முடியுமுன் நாலு பேர் வருவார்கள்.

அளவில் கவனமாக இருங்கள். 100 பக்கத்தை வண்ணத்தில், உயர்ந்த தரத்தில் ஸ்கேன் பண்ணினால் கோப்பு 100 எம்பியைத் தாண்டும். அதையே கறுப்பு வெள்ளையில் எடுத்தால் 10 எம்பிக்குள் அடங்கிவிடும். படத்தோடு கேட்கிற ஒரு மணித்தியால ஸூம் வகுப்பு ஒரு ஜிபியை எட்டிவிடலாம். அதே விரிவுரையின் குரலை மட்டும் 64 கிலோபிட் தரத்தில் பிரித்து வைத்தால் 30 எம்பிகூட வராது. வரலாறு, இலக்கியம், சட்டம் போன்ற பாடங்களுக்குக் குரலே போதும். இரவு நேர டேட்டா மலிவு என்று 12 மணிக்குப் பிறகு விழித்திருந்து தரவிறக்கிவிட்டு, காலையில் வகுப்பில் தூங்குகிற பிள்ளைகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய நல்ல உதவி இந்தச் சுருக்கும் வேலைதான். அதற்குக் காசு ஒன்றும் செலவில்லை.

ஓடாமல் கிடக்கிற அந்த 3 கணினியில் ஒன்றைத் திருத்த முடியுமா பாருங்கள். அதில் பெரிய வன்தட்டு ஒன்றைப் போட்டு நூலகத்துக்கு உள்ளேயே ஒரு சேவையகம் ஆக்கலாம். விரிவுரைப் பதிவுகள், வினாத்தாள்கள், இலவசப் பாடநூல்கள் எல்லாம் அதில். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதைக்கொண்டு விக்கிப்பீடியா முழுவதையும் இணையம் இல்லாமலே படிக்க வைக்கலாம். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு 100 ஜிபி அளவு வரும், தமிழ் விக்கிப்பீடியா அதில் சிறு பங்குதான். பிள்ளைகள் நூலக வைஃபையில் சேர்ந்தால், வெளி இணைப்பு அறுந்திருந்தாலும் போனில் எடுத்துக்கொண்டு போகலாம். அந்தக் கணினி மேல்மாடியில் இருக்கட்டும். தரைத் தளம் மட்டும்தான் என்றால் அலுமாரியின் மேல் தட்டில்.

காசு கொடுத்து வாங்குகிற சஞ்சிகைகளுக்கு உங்களைப் போன்ற கல்லூரியால் ஈடுகொடுக்க முடியாது. முயலவும் வேண்டாம். திறந்த அணுக்கத்தில், அதாவது இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்கும்படி, கிடைப்பதையே ஒழுங்காகத் தொகுத்துக் கொடுத்தால் பட்டப்படிப்புக்குப் பெரும்பாலும் போதும். இலங்கைச் சஞ்சிகைகளுக்கு ஸ்ரீலங்கா ஜர்னல்ஸ் ஒன்லைன் தளம் இருக்கிறது, மருத்துவம் சார்ந்ததற்கு பப்மெட் சென்ட்ரல் இருக்கிறது, தமிழுக்கு 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகத் திட்டம் இருக்கிறது. நம் பக்கத்துப் பள்ளிக்கூட மலர், கோயில் மலர், பழைய சிறுசஞ்சிகை என்று வேறெங்கும் தேடிக் கிடைக்காதவற்றை அங்கே பார்க்கலாம். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் தூரத்தில் இல்லை. அவற்றின் நூலகர்களோடு ஒரு புரிந்துணர்வு வைத்து, உங்கள் மாணவர் கடிதத்தோடு போய்ப் பார்க்க வழி செய்யுங்கள். பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ படித்துவிட்டு விடுமுறைக்கு ஊருக்கு வருகிற பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி: எடுரோம் (பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான வைஃபை ஏற்பாடு) இருக்கிற எந்த வளாகத்திலும் தங்கள் பல்கலைக்கழகக் கணக்கைக் கொண்டே வைஃபையில் சேரலாம். பலருக்கு இது தெரியாது, சொல்லுங்கள்.

புத்தகப் பட்டியலுக்கு கோஹா, வினாத்தாளுக்கும் ஆய்வேடுகளுக்கும் டிஸ்பேஸ். இரண்டும் இலவச மென்பொருள், நம் நாட்டுப் பல்கலைக்கழக நூலகர்களில் பலர் கையாளத் தெரிந்தவர்கள். இதில் இவ்வளவு சொன்னால் போதும்.

ஆனால் பாமினி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் பகுதியில் 20, 25 வருடமாகத் தட்டச்சுச் செய்த விரிவுரைக் குறிப்பு, வினாத்தாள், ஆய்வேடு எல்லாம் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. திரையில் தமிழாகத் தெரியும். கணினிக்கு அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. 'நீர்ப்பாசனம்' என்று தேடினால் ஒன்றும் வராது, அந்தச் சொல் 40 இடத்தில் இருந்தாலும். போனில் திறந்தால் எழுத்தே சிதறிப் போகும். யுனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டு மாணவர்களுக்குச் சிறு கொடுப்பனவு கொடுத்து, ஒரு விடுமுறைக் காலத்தில் பாட வாரியாக மாற்றிவிடலாம். தாளில் மட்டும் இருப்பதை ஸ்கேன் பண்ணி, எழுத்துணரியில் (படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் மென்பொருள்) போடுங்கள். டெசரக்ட், கூகுள் இரண்டும் அச்சுத் தமிழை நன்றாகவே வாசிக்கின்றன. பிழை திருத்த ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு இன்னொரு பயனும் உண்டு. பார்வை குறைந்த மாணவர் ஒருவர் உங்கள் கல்லூரியில் இருந்தால், என்விடிஏ என்ற இலவசத் திரை வாசிப்பானை ஒரு கணினியில் போட்டுக் கொடுங்கள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் சேர்ந்து வளர்த்தெடுத்த மென்பொருள் அது, தமிழையும் வாசிக்கும். யுனிகோடில் இருந்தால்தான் வாசிக்கும். படமாக ஸ்கேன் பண்ணி வைத்த பிடிஎஃபை அதனால் வாசிக்க முடியாது, பாமினியைப் புரியாத சத்தமாக வாசிக்கும். அச்சைப் படிக்க முடியாதவர்களுக்குப் புத்தகங்களை மாற்று வடிவில் ஆக்கிக் கொடுப்பதற்கான மராக்கேஷ் உடன்படிக்கையில் இலங்கையும் 2016இல் சேர்ந்திருக்கிறது. ஒரே ஒரு மாணவருக்காக இவ்வளவு செய்ய வேண்டுமா என்று யாராவது கேட்டால், ஆம், செய்ய வேண்டும்.

பதிப்புரிமையில் கவனம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கல்விக்கும் ஆய்வுக்கும் நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது; ஓர் அத்தியாயம், ஒரு கட்டுரை என்ற அளவில் நில்லுங்கள். விற்பனையில் உள்ள முழுப் புத்தகத்தை ஸ்கேன் பண்ணி மூடிலில் போடுவது அதில் அடங்காது. எழுதியவர் இறந்து 70 வருடம் கடந்த எழுத்துகளைத் தாராளமாகப் போடலாம். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் காலமானது 1947இல். அவர் எழுத்துகளை மின்வடிவில் கொடுக்க உங்களுக்கு இனி எந்தத் தடையும் இல்லை. பின்னாளில் ஒருவர் எழுதிச் சேர்த்த முன்னுரையும் குறிப்பும் மட்டும் வேறு கணக்கு.

இப்போது ஆள். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட எனக்கு இது பெரிது. உயர்தரம் தமிழில் படித்துவிட்டு, இங்கே ஆங்கிலத்தில் பாடம் கேட்கிற பிள்ளை, 'ஜர்னல் ஆர்ட்டிகல் 5 எடுத்து அசைன்மென்ட் எழுது' என்றால் திகைத்துப் போய் நிற்கும். கேட்க வெட்கம். முதல் வாரத்து அறிமுக வகுப்பில் நீங்கள் சொன்னது ஒன்றும் தலையில் நின்றிருக்காது, ஏனென்றால் அப்போது தேவை இருக்கவில்லை. முதல் அசைன்மென்ட் கொடுத்த மறுநாள் அந்த வகுப்புக்குப் போங்கள், விரிவுரையாளரிடம் 30 நிமிடம் கேட்டு வாங்குங்கள், அவர்களுடைய தலைப்பையே தேடிக் காட்டுங்கள். தமிழில் விளங்கப்படுத்துங்கள். சிங்கள மாணவர் இருந்தால் அவர்களுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகளிடம் கேட்டு வாங்கிய மேற்கோள் பட்டியலில் இல்லாத கட்டுரையும் இல்லாத ஆசிரியரும் வருவதை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொன்றையும் தேடிச் சரிபார்ப்பது எப்படி என்று அங்கேயே செய்து காட்டலாம். அப்புறம் ஒரு வட்ஸ்அப் இலக்கம், பதில் சொல்லும் நேரத்தோடு. நள்ளிரவில் வருகிற கேள்விக்குக் காலையில் பதில் வரும் என்று எழுதி வைத்தால் போதும், பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

மாரியைத் தனியாகச் சொல்கிறேன். கார்த்திகை முதல் தை வரை உங்கள் மாணவரில் ஒரு பகுதி வரவே முடியாது. மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு படுவான்கரைப் போக்குவரத்து எவ்வளவோ இலகுவாகிவிட்டாலும், உள் வீதிகள் நீரில் மூழ்கினால் பாலம் இருந்தும் பயனில்லை. ஐப்பசியிலேயே இரவல் காலத்தை நீட்டிக் கொடுங்கள், தண்டப்பணத்தை நிறுத்துங்கள். தவணைக்குரிய வாசிப்புகளைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுங்கள். பெரும்பாலான பிரதேச சபைகளுக்கு ஊர்களில் பொது நூலகங்கள் உண்டு. உங்கள் மாணவர் அதிகம் இருக்கிற நாலு ஊரைப் பார்த்து, அந்தச் சபைச் செயலாளரிடமும் நூலகரிடமும் பேசி, ஒரு மேசையும் ஒரு பிளக்கும் உங்கள் சேவையகத்தின் ஒரு கொப்பியும் அங்கே வைக்க முடியுமா என்று கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் ஒருவரும் மாட்டேன் என்று சொன்னதில்லை; தங்கள் நூலகத்துக்கு இளம் பிள்ளைகள் வருவது அவர்களுக்கும் சந்தோசம்.

அந்த ஓடுகிற 5 கணினி? வைத்திருங்கள். போனில் செய்ய முடியாத வேலைகளுக்கு, அதாவது ஆய்வேடு தட்டச்சு, புள்ளிவிவரக் கணக்கு, வரைபடம் போன்றவற்றுக்கு அவை வேண்டும். மற்ற இரண்டு பழுதுக் கணினிகளின் பாகங்களை இவற்றைத் திருத்தப் பாவிக்கலாம். புதிது வாங்குவதாக இருந்தால் அது வயரிங், மேசை, பேச்சறை, ரவுட்டர் யூபிஎஸ் எல்லாம் முடிந்து காசு மிஞ்சினால் மட்டும்.

நாளைக்குத் திங்கட்கிழமை என்றால் அந்த வரைபடத் தாளோடு தொடங்கிவிடுங்கள். ஒரு வாரப் புள்ளி கையில் வந்ததும், மண்டபத்தின் நீள அகலம், எந்தப் பக்கம் யன்னல், எத்தனை பிளக் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மேசைகளை எப்படிப் போடுவது, பேச்சறையை எங்கே தடுப்பது என்று கீறி அனுப்புகிறேன்.